கடல்நீரில் முதலில் படிவது உப்பு அல்ல

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் கெமிஸ்ட்டாக இருக்கிறேன் என்று சொன்னதும் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அவ்வளவு உப்பும் அந்த மெம்பரேன்ல போய் அடைச்சுக்காதா?" கேட்பவர் மனதில் இருப்பது நாம் சோற்றில் போடும் உப்பு. அந்த உப்பு மெம்பரேனில் படிவதே இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் முக்கால் பங்குக்கு மேல் சோடியமும் குளோரைடும். அத்தனை இருந்தும் அவை கரைந்தபடியே வந்து, கரைந்தபடியே கடலுக்குத் திரும்பிப் போய்விடுகின்றன. எங்களைத் தூங்கவிடாமல் செய்வது கால்சியம். லிட்டருக்கு அரை கிராம்கூட இல்லை, சுமார் 410 மில்லிகிராம்தான். ஆனால் படிவதில் அதற்குத்தான் முதலிடம்.

இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பாடப் புத்தகம் தேவைப்படவில்லை. அப்பா தூத்துக்குடியில் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர். உப்பளம் என்றால் ஒரே பாத்தியில் தண்ணீரை விட்டுக் காயவைப்பது என்று நினைத்துவிடக் கூடாது. தண்ணீர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பாத்திகளைக் கடந்து, வெயிலில் சுண்டிச் சுண்டித்தான் கடைசிப் பாத்திக்கு வரும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு கண்ணாடி மிதவையைப் போட்டு நீரின் அடர்த்தியை டிகிரியில் பார்ப்பார்கள். கடல்நீர் மூன்றரை டிகிரியில் தொடங்கும். ஆரம்பப் பாத்திகளின் தரையில் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு விழும். அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். 13, 15 டிகிரி வாக்கில் ஜிப்சம் இறங்கத் தொடங்கும். காலில் குத்தும் ஊசி ஊசியான படிகம். அதைத் தனியாகச் சுரண்டி விற்பார்கள். 25 டிகிரியைத் தொட்டால்தான் உப்பு பூக்கும். "ஜிப்சத்தைப் பின்னால விட்டுட்டு வந்தாத்தாம்மா உப்பு வெள்ளையா வரும்" என்பார் அப்பா. கார்பனேட், ஜிப்சம், உப்பு, கடைசியில் மிஞ்சும் மக்னீசியக் கசப்பு நீர். இந்த வரிசை எந்த ஊர்க் கடலிலும் மாறாது. 1849இல் உசிக்லியோ என்ற வேதியியலாளர் மத்தியதரைக் கடல்நீரைச் சுண்டவைத்து எழுதிவைத்ததும் இதே வரிசையைத்தான்.

எங்கள் ஆலையும் கடல்நீரைச் சுண்டவைக்கிற இடம்தான். வெயிலுக்குப் பதில் பம்ப். மணல் ஃபில்டர், கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் எல்லாம் தாண்டி வந்த நீரை 55 முதல் 70 பார் அழுத்தத்தில் மெம்பரேன் மீது தள்ளுகிறோம். ஆர்.ஓ. என்பது இதுதான். வண்டி டயரில் அடிக்கும் காற்று இரண்டு பாரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மெம்பரேன் என்பது விரித்தால் பெரிய தாள், சுருட்டினால் எட்டு அங்குல விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள உருளை. அப்படி ஏழெட்டு உருளைகளை ஒரு நீண்ட ஃபைபர் குழாய்க்குள் வரிசையாகச் செருகியிருப்பார்கள். அதற்கு பிரஷர் வெஸ்ஸல் என்று பெயர். உள்ளே போகும் ஃபீட் நீரில் ஒரு பகுதி மெம்பரேனைத் தாண்டி நன்னீராக நடுக்குழாயில் சேரும், அது பர்மியேட். மிச்சம், எல்லா உப்பையும் சுமந்துகொண்டு மறுமுனையில் வெளியேறும்; அது ரிஜெக்ட். நூறு லிட்டர் ஃபீடில் நாற்பத்தைந்து லிட்டர் நன்னீர் எடுத்தால் ரெக்கவரி 45 சதவீதம். மீதி 55 லிட்டரில் நூறு லிட்டரின் உப்பும் இருக்கும். அதாவது 1.8 மடங்கு.

இந்த 1.8 என்ற எண்தான் ஸ்கேல், அதாவது படிவு, பற்றிய பேச்சுக்கு அடிப்படை. ஜிப்சம் இறங்கக் கடல்நீர் மூன்று மடங்குக்கும் மேல் சுண்ட வேண்டும். உப்பு படியப் பத்து மடங்கு. நாங்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. மெம்பரேனை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் செறிவு இன்னும் பத்துப் பதினைந்து சதவீதம் கூடும். அதையும் சேர்த்தால்கூட ஜிப்சத்தின் எல்லைக்கு வெகு தூரம். ஆகவே சாதாரணமாக ஓடும் கடல்நீர் ஆர்.ஓ.வில் பயப்பட வேண்டியது வரிசையில் முதலில் நிற்கும் கால்சியம் கார்பனேட்டுக்கு மட்டும். வீட்டு வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும் அதே பொருள்.

அளவை நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் ஆலை 2010இலும், தெற்கே நெம்மேலி ஆலை 2013இலும் ஓடத் தொடங்கின. இரண்டும் நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் தரும் அளவுக்குக் கட்டப்பட்டவை. நெம்மேலியிலேயே பதினைந்து கோடி லிட்டருக்கு இன்னொன்று 2024இல் வந்தது. பேரூரில் நாற்பது கோடிக்கு வேலை தொடங்கியிருக்கிறார்கள். பத்துக் கோடி லிட்டர் ஆலையையே எடுத்துக்கொள்வோம். 45 சதவீத ரெக்கவரியில் அதற்கு 22 கோடி லிட்டர் கடல்நீர் மெம்பரேனுக்குள் போக வேண்டும். அதோடு போகும் கால்சியம் மட்டும் நாளைக்குத் தொண்ணூறு டன். இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிட்டாலும் தினம் தொண்ணூறு கிலோ. ஒரு மாதத்தில் ஆலை நின்றுவிடும்.

கார்பனேட் படியுமா படியாதா என்பதைத் தீர்மானிப்பது பி.எச். கடல்நீரின் பி.எச். சுமார் 8.1. அதில் கார்பன் பெரும்பாலும் பைகார்பனேட்டாக இருக்கும், பைகார்பனேட்டால் தொந்தரவில்லை. பி.எச். ஏற ஏற அது கார்பனேட்டாக மாறி, கால்சியத்தோடு கைகோத்து இறங்கிவிடும். சூடும் அதற்குச் சாதகம். சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். சுண்ணாம்புப் படிவு சூட்டில் குறைவாகக் கரையும். அதனால்தான் கடல்நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் பழைய வகை ஆலைகளுக்கு ஸ்கேல் தீராத தலைவலியாக இருந்தது. வளைகுடா நாடுகளின் பெரிய ஆலைகள் எத்தனை டிகிரி வரை சூடாக்கலாம் என்பதையே ஸ்கேல்தான் முடிவு செய்தது. கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் ஆவி முறையையும் ஆர்.ஓ.வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்தும் ஆலை இருக்கிறது. வேதியியல் மாணவர்கள் வாய்ப்புக் கிடைத்தால் அதைப் பார்க்க வேண்டும். ஒரே கடல்நீர், இரண்டு விதக் கவலை.

பி.எச்.தான் காரணம் என்றால் ஆசிட் ஊற்றிக் குறைத்துவிடலாமே? அதைத்தான் முதலில் செய்தார்கள். ஆனால் அதற்குக் காரணம் வேறு. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலஸில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும் சேர்ந்து செய்த செல்லுலோஸ் அசிட்டேட் மெம்பரேன்தான் ஆர்.ஓ.வை ஆய்வகத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது. அந்த மெம்பரேனுக்குக் காரத்தன்மை ஆகாது; பி.எச். ஐந்து, ஆறுக்கு மேல் போனால் மெல்ல மெல்லச் சிதைந்துவிடும். மெம்பரேனைக் காப்பாற்ற ஆசிட் போட்டார்கள். ஸ்கேலும் அதோடு நின்றது. எழுபதுகளின் கடைசியில் ஜான் கடோட்டே உருவாக்கிய பாலிஅமைடு மெம்பரேன் வந்தது. இன்று எல்லா இடத்திலும் ஓடுவது அந்த வழிவந்ததுதான். அதற்கு இந்தப் பயம் இல்லை. காரணம் போய்விட்டாலும் ஆசிட் போடும் பழக்கம் பல ஆலைகளில் நெடுநாள் போகவில்லை. லிட்டருக்கு 20 மில்லிகிராம் கந்தக அமிலம் போட்டாலே, மேலே சொன்ன அளவு ஆலைக்கு நாளைக்கு நாலு டன்னுக்கு மேல் வேண்டும். டேங்கர் லாரியில் வந்து இறங்க வேண்டும், குழாயில் ஒரு பின்ஹோல் விழுந்தால் கீழே நிற்பவர் கண் போகும். போதாததற்கு ஆசிட் போட்டதும் பைகார்பனேட் கார்பன் டை ஆக்ஸைடாக மாறும். அந்த வாயு மெம்பரேனை நிம்மதியாகத் தாண்டிப் பர்மியேட்டுக்கு வந்து அதை அரிக்கும் நீராக்கிவிடும். தேவையில்லாத இடத்தில் ஆசிட் வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

ஆசிட்டின் இடத்தைப் பிடித்தது ஸ்கேலைத் தடுக்கும் ரசாயனமான ஆன்டிஸ்கேலன்ட். இதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அளவு, லிட்டருக்கு ஒன்றிலிருந்து மூன்று மில்லிகிராம். தொண்ணூறு டன் கால்சியத்துக்கு எதிராக நாளைக்கு ஏதோ இருநூறிலிருந்து அறுநூற்றைம்பது கிலோ. கால்சியத்தைப் பிடித்துக் கட்டி வைப்பதாக இருந்தால் இது எந்த மூலைக்கும் காணாது. அது கால்சியத்தைத் தொடுவதே இல்லை எனலாம். படிகம் பிறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு கரு உண்டாகும். அந்தக் கருவின் மேல் எங்கெங்கு அடுத்த அடுக்கு வந்து உட்கார வேண்டுமோ, அந்தச் சில இடங்களில் ஆன்டிஸ்கேலன்ட் போய் உட்கார்ந்துவிடும். கரு வளராது. வளர்ந்தாலும் கோணலாக, ஒட்டாமல் வளரும். ஓட்டத்தில் அடித்துக்கொண்டு வெளியேறிவிடும். 1930களில் அமெரிக்காவில் ரோசன்ஸ்டைன் என்பவர் இதைக் கண்டது பாசன நீரில். உரத்துக்காக அம்மோனியா கலந்த நீரில் சுண்ணாம்பு படிந்து குழாய்கள் அடைபட்டன. பாஸ்பேட் கண்ணாடித் தூளைச் சிட்டிகை அளவு போட்டதும் நின்றது. ஆர்.ஓ.வின் ஆரம்ப காலத்தில் போட்டதும் அதே சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட்தான். அது டோசிங் டேங்கிலேயே மூன்று நாளில் வீரியம் இழந்து, உடைந்த பாஸ்பேட்டே கால்சியத்தோடு சேர்ந்து படியவும் தொடங்கிவிடும். இன்றைக்குப் பாஸ்போனேட்டுகளும் பாலிஅக்ரிலேட்டுகளும் வந்துவிட்டன.

இத்தனை சின்ன அளவில் வேலை செய்யும் பொருளை, பயத்தால் இரட்டிப்பாக ஊற்றுவதை நான் பார்த்திருக்கிறேன். டி.பி. கொஞ்சம் ஏறினால் டோஸை ஏற்று. டி.பி. என்றால் வெஸ்ஸலின் இரு முனைகளுக்கும் இடையே உள்ள அழுத்த வித்தியாசம். வழி அடைபட்டால் ஏறும். கோடையில் கடல் சூடானால் டோஸை ஏற்று. பெரிய அதிகாரி பார்வையிட வந்தால்கூட டோஸை ஏற்று. இது பாதுகாப்பு இல்லை. பாலிஅக்ரிலேட் வகைகள், முன்சுத்திகரிப்பில் போட்ட ஃபெரிக் குளோரைடின் மிச்சத்தோடு சேர்ந்து பசையாகி மெம்பரேனின் முகப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். சில வகைகள் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகும். டேங்கில் ரொம்பவும் நீர்க்கக் கரைத்து வாரக்கணக்கில் வைத்தால், நம் ஊர் வெயிலுக்கு அந்த டேங்குக்குள்ளேயே பாசி மாதிரி ஒன்று வளர்ந்து டோசிங் பம்பின் ஸ்ட்ரெய்னரை மூடிவிடும். கையால் தொட்டால் வழவழவென்று வரும். ஸ்கேலுக்குப் பயந்து ஊற்றியது இப்போது வேறு அடைப்பாக நிற்கிறது, டி.பி. மறுபடி ஏறுகிறது, மறுபடி டோஸ் ஏறுகிறது. போட்டதெல்லாம் கடைசியில் ரிஜெக்டோடு கடலுக்குத்தான் போகிறது. அங்கே வலை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எவ்வளவு தேவை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நல்ல தண்ணீருக்கு 1936இல் லாஞ்சலியர் தந்த குறியீட்டைக் கல்லூரியில் படித்திருப்பீர்கள்: நீரின் பி.எச்.இலிருந்து, அந்த நீர் கார்பனேட்டால் நிறைவடையும் பி.எச்.ஐக் கழிப்பது. விடை பூஜ்யத்துக்கு மேல் போனால் படியும், கீழே போனால் கரைக்கும். கடல்நீர் மாதிரி அடர்ந்த உப்புநீருக்கு அது பொருந்தாது. படிவு ஆபத்தை மிகைப்படுத்திக் காட்டும். அதற்காக ஸ்டிஃப், டேவிஸ் என்ற இருவர் 1952இல், எண்ணெய்க் கிணற்று உப்புநீரை வைத்து வேறொரு குறியீடு செய்தார்கள். நாங்கள் பார்க்க வேண்டியது அதை, அதுவும் ஃபீடுக்கு இல்லை, ரிஜெக்டுக்கு. ஏனென்றால் வெஸ்ஸலின் கடைசி உருளையில் இருக்கும் நீர்தான் மிகச் சுண்டியது. இன்னும் சில லாக் ஷீட்டுகளில் ஃபீடின் லாஞ்சலியர் எண்ணைத்தான் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை.

ரிஜெக்டின் ஸ்டிஃப் டேவிஸ் எண் பூஜ்யத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தாலும் உடனே படிந்துவிடும் என்று அர்த்தமில்லை. படிகம் பிறக்க நேரம் வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும் மக்னீசியம், கார்பனேட் படிகத்துக்குள் நுழைந்து அதன் வளர்ச்சியைத் தடுக்கிறது. கடலே தனக்குள் ஒரு தடுப்பை வைத்திருக்கிறது. வெஸ்ஸலின் ஒரு முனையில் நுழைந்த நீர் மறுமுனையில் வெளிவர ஒரு நிமிடம் பிடித்தால் அதிகம். பிறந்து வளர்வதற்குள் வெளியே போய்விடும். கடல்நீர் ஆர்.ஓ.வில் ஸ்கேல் தடுக்கும் ரசாயனங்களை எவ்வளவு குறைக்கலாம் என்பதையே பொருளாக எடுத்துக்கொண்டு நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 2011இல் ஒரு முனைவர் பட்ட ஆய்வு வந்தது. நாற்பது சதவீத ரெக்கவரியில், ஆன்டிஸ்கேலன்ட்டே இல்லாமல் ஓடும் கடல்நீர் ஆலைகள் உலகில் இருக்கின்றன. எல்லோரும் நாளையே டோசிங் பம்பை நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நீரை அளந்து, மெல்லக் குறைத்து, கடைசி உருளையைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்கலாம் என்கிறேன்.

நேரம்தான் காவல் என்றால், நேரம் கிடைக்கும்போது ஆபத்து. கரண்ட் போய் ஹைபிரஷர் பம்ப் டிரிப் ஆகிறது. வெஸ்ஸலுக்குள் 1.8 மடங்கு சுண்டிய நீர் அப்படியே நிற்கிறது. ஒரு நிமிடத்தில் வெளியேற வேண்டியது மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. இதற்கு மருந்து ரசாயனம் இல்லை, ஃப்ளஷிங். பம்ப் நின்ற சில நிமிடங்களுக்குள் பர்மியேட்டை எடுத்து வெஸ்ஸல் முழுக்க ஓட்டி, உள்ளே இருந்ததைத் துரத்த வேண்டும். ஃப்ளஷிங் டேங்க் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும், அதன் பம்ப் ஜெனரேட்டர் லைனில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருக்கும் ஆலையில் ஸ்கேல் வருவது அபூர்வம். நடு இரவில் டிரிப் ஆனதும் முதலில் காரணம் தேடி ஓடாமல், ஃப்ளஷிங் வால்வு திறந்ததா என்று போய்ப் பார்க்கிற ஆபரேட்டர், பத்து டிரம் ஆன்டிஸ்கேலன்ட்டுக்குச் சமம். அப்படிப்பட்டவர்களில் பலர் இன்னும் ஒப்பந்தத் தொழிலாளர்களாகவே இருப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

ஸ்கேலுக்குப் பயப்பட வேண்டிய இன்னோர் இடம் செகண்ட் பாஸ். கடல்நீரில் லிட்டருக்கு நாலரை, ஐந்து மில்லிகிராம் போரான் உண்டு. அது போரிக் அமிலமாக, மின்னேற்றம் இல்லாமல் இருப்பதால் மெம்பரேனை நழுவித் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் போரானுக்கு முன்பு அரை மில்லிகிராம் என்று வைத்திருந்த வரையறையை 2011இல் 2.4 ஆகத் தளர்த்தியது. ஆனாலும் பயிருக்கோ தொழிற்சாலைக்கோ குறைவாக வேண்டுமென்றால், பர்மியேட்டை இரண்டாவது முறை மெம்பரேனில் விட வேண்டும். அதற்கு முன் காஸ்டிக் சோடா போட்டுப் பி.எச்.ஐப் பத்துக்குக் கொண்டுபோவார்கள். அப்போது போரான் மின்னேற்றம் பெற்று மாட்டிக்கொள்ளும். இங்கே ரெக்கவரி தொண்ணூறு சதவீதம் வரை போகும். அதாவது பத்து மடங்கு சுண்டல், பி.எச்.உம் பத்து. உள்ளே வரும் நீரில் கால்சியமும் மக்னீசியமும் லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராமுக்குள் இருக்கும் வரைதான் இது நடக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆலையில் நடந்தது இது. காலையில் லேபுக்குள் நுழையும்போதே ஷிஃப்ட் ஆபரேட்டர் சொன்னார்: "மேடம், செகண்ட் பாஸ்ல டி.பி. ஏறிக்கிட்டே இருக்கு. காஸ்டிக்க கொறச்சுப் பாத்தேன், நிக்குது. ஏத்துனா மறுபடி ஏறுது." கடைசி வெஸ்ஸலைத் திறந்து வால் பக்க உருளையை இழுத்தோம். வழக்கமாக இரண்டு பேர் சுலபமாக இழுப்பது அன்று வரவில்லை. தண்ணீர் வடிந்த பிறகும் கனம் குறையவில்லை. வெட்டி விரித்தபோது மெம்பரேன் மேல் வெள்ளையாக, மைதாப் பசை காய்ந்தது மாதிரி ஒரு பூச்சு. விரலால் தேய்த்தால் மாவாக வந்தது, மணல் நறநறப்பு இல்லை. அதன்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டேன். கார்பனேட்டாக இருந்தால் சுர்ரென்று நுரைக்கும். ஜிப்சமாக இருந்தால் அசையாமல் கிடக்கும். இது நுரைக்கவும் இல்லை, கிடக்கவும் இல்லை. சத்தமில்லாமல் கரைந்துபோனது. மக்னீசியம் ஹைட்ராக்ஸைடு.

ஆனால் செகண்ட் பாஸுக்கு இவ்வளவு மக்னீசியம் எங்கிருந்து வந்தது? முதல் பாஸ் அதைத் தடுத்திருக்க வேண்டும். முதல் பாஸில் ஒவ்வொரு வெஸ்ஸலின் பர்மியேட்டையும் தனித்தனியாகப் பிடித்து, உப்பின் அளவைக் காட்டும் கண்டக்டிவிட்டி பார்த்தோம். ஒன்று மட்டும் தனித்து நின்றது. அந்த வெஸ்ஸலின் முனையைக் கழற்றி, நடுக்குழாய்க்குள் மெல்லிய பிளாஸ்டிக் ட்யூபை நுழைத்து, ஓர் உருளை நீளத்துக்கு ஒரு முறை நிறுத்தி நீரை எடுத்து அளந்தார் அதே ஆபரேட்டர். முதல் உருளை, சரி. இரண்டாவது, சரி. மூன்றாவதும் நான்காவதும் சேரும் இடத்தில் எண் எகிறியது. அதைத் தாண்டியதும் மறுபடி இறங்கியது. உருளை பழுதானால் அதன் நீளம் முழுக்க எண் கூடுதலாக இருக்கும். ஓரிடத்தில் மட்டும் குத்திட்டு நின்றால் அது இணைப்பு.

உள்ளே, இரண்டு உருளைகளை இணைக்கும் குழாயில் இருந்த ஓ ரிங் ஒரு பக்கம் தேய்ந்து அறுந்திருந்தது. விரல் மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு ரப்பர் வளையம். அந்த இடுக்கு வழியாக அறுபது பார் அழுத்தத்தில் நிற்கும் கடல்நீர் நேராக நன்னீரில் கசிந்துகொண்டிருந்தது. ஏன் தேய்ந்தது? உருளைகளுக்கும் வெஸ்ஸலின் முனைக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியை நிரப்ப ஷிம் என்ற பிளாஸ்டிக் வளையங்களைப் போட வேண்டும். மெம்பரேன் மாற்றியபோது போடாமல் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறை பம்ப் ஓடும்போதும் நிற்கும்போதும் ஏழு உருளைகளும் சேர்ந்து முன்னும் பின்னும் நகர்ந்து அந்த ரப்பரை அரைத்திருக்கின்றன. புது ஓ ரிங்கில் கிளிசரின் தடவிப் போட்டு (வாசலீனோ கிரீஸோ கூடாது, அது மெம்பரேனைக் கெடுக்கும்), ஷிம் வைத்து மூடினோம். செகண்ட் பாஸை ஆசிட் போட்டுக் கழுவியதும் டி.பி. பழைய இடத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் அங்கே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது ஆன்டிஸ்கேலன்ட் பிராண்டை மாற்றுவது பற்றி.

ஸ்கேல் வால் பக்கத்தில் தொடங்கும். சேறும் உயிரிப் படலமும் முகப்பில் தொடங்கும். எந்த முனை அடைபடுகிறது என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். கழுவும்போதும் இது முக்கியம். கார்பனேட்டும் ஹைட்ராக்ஸைடும் சிட்ரிக் அமிலத்திலோ நீர்த்த ஹைட்ரோகுளோரிக்கிலோ கரையும். ஜிப்சம் அதற்கு மசியாது, காரத்தில் ஈ.டி.டி.ஏ. போட்டு ஊறவைத்துக் கெஞ்ச வேண்டும், பல சமயம் அப்போதும் போகாது, மெம்பரேனைத் தூக்கி எறிய வேண்டியதுதான். என்ன படிந்திருக்கிறது என்று தெரியாமல் காரத்தை முதலில் விட்டால், இருக்கிற கார்பனேட் இன்னும் இறுகிவிடும்.

ஜிப்சம் பற்றி இப்போது பேச வேண்டிய வேளை வந்திருக்கிறது. ரிஜெக்டைக் கடலில் விடுவதைக் குறைக்க வேண்டும், அதிலிருந்து உப்பும் மக்னீசியமும் எடுக்க வேண்டும், ரெக்கவரியை அறுபது, எழுபதுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உலகெங்கும் முயற்சி நடக்கிறது. நல்ல நோக்கம். எழுபது சதவீதம் என்றால் மூன்று மடங்குக்கு மேல் சுண்டல். அங்கே கார்பனேட்டைத் தாண்டி ஜிப்சத்தின் வாசலுக்குப் போய்விடுகிறோம். அங்கே ஆசிட் உதவாது, ஏனென்றால் சல்பேட்டுக்குப் பி.எச். பற்றிக் கவலையில்லை. கடல்நீரில் அது லிட்டருக்கு 2,700 மில்லிகிராம் இருக்கிறது. சவூதி அரேபியா உம்லஜ் என்ற செங்கடல் ஊரில் 2000ஐ ஒட்டி ஒரு வழியைக் காட்டியது. ஆர்.ஓ.வுக்கு முன்னால் நானோஃபில்ட்ரேஷன் மெம்பரேன் வைத்து, சல்பேட்டையும் கால்சியம், மக்னீசியத்தில் பெரும் பகுதியையும் முதலிலேயே பிரித்துவிடுவது. படிகிற பொருளே உள்ளே வராது. செலவு கூடும், இன்னொரு வரிசை மெம்பரேனைப் பராமரிக்க வேண்டும். ஆனாலும் அதிக ரெக்கவரி வேண்டுமென்றால் போக வேண்டிய பாதை இதுதான் என்று நினைக்கிறேன். ரசாயனத்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது அல்ல.

இவ்வளவும் கடந்து வரும் பர்மியேட்டை அப்படியே ஊருக்கு அனுப்ப முடியாது. அதில் கால்சியம் ஏறக்குறைய இல்லை. கால்சியம் இல்லாத நீர் இரும்புக் குழாயை அரிக்கும், குழாயின் உள்ளே பூசிய சிமென்டைக் கரைக்கும், குடித்தால் சப்பென்று இருக்கும். அதனால் கொஞ்சம் கார்பன் டை ஆக்ஸைடைக் கலந்து சுண்ணாம்புக்கல் நிரப்பிய தொட்டிகள் வழியாக விடுகிறோம், அல்லது சுண்ணாம்பு நீரைச் சேர்க்கிறோம். நீர் தனக்கு வேண்டியதைக் கல்லிலிருந்து எடுத்துக்கொள்ளும். இங்கே லாஞ்சலியர் குறியீடு சரியாகப் பொருந்தும், ஏனென்றால் இது நல்ல தண்ணீர். அந்த எண் பூஜ்யத்துக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். குழாயின் உட்சுவரில் மெல்லிய கார்பனேட் பூச்சு விழுந்து இரும்பை மூட வேண்டும். அதற்காகத்தான் சுண்ணாம்புக்கல் லாரி மாதா மாதம் எங்கள் கேட்டுக்குள் வருகிறது. கல்லின் தூய்மை குறைந்தால் தொட்டி கலங்கும் என்பதால், ஒவ்வொரு லோடிலிருந்தும் ஒரு கை எடுத்து ஆசிட்டில் கரைத்து, கரையாத மிச்சத்தை நிறுத்துப் பார்த்த பிறகே இறக்கச் சொல்கிறேன்.